மதியம் இருபது நிமிடம்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு குட்டித் தூக்க வழிகாட்டி

சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் தூக்கம் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2021-இல் முடிவு வெளியானது. மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டிவிட்டு, உண்மையில் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று அளந்தார்கள். படுக்கையில் கிடந்தது சராசரியாக எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். அந்த ஐந்தரையும் துண்டு துண்டாக.

ஏன் என்று வடசென்னையில் யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் விடிய விடிய கன்டெய்னர் லாரி ஓடும். கால்வாய்க் கரையில் வீடு என்றால் கொசு. காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பைமேட்டு நாற்றம் வீட்டுக்குள் வரும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது ஒருவர் ஷிஃப்ட் முடித்து வந்து கதவைத் தட்டினால் ஐவருமே விழித்தாக வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்று தெருவில் ஒரு காதை வைத்துக்கொண்டே படுக்கிற பெண்கள் எத்தனையோ பேர். காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவர்களுக்கோ நடுராத்திரி தாண்டினாலே விடிந்த மாதிரிதான்.

அந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மெத்தை, தலையணை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பு எல்லாம் கொடுத்து, இரவில் கூடுதலாகத் தூங்க ஊக்கப்படுத்தினார்கள். தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் அவர்கள் வேலைத் திறனிலோ மனநிலையிலோ கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை. இன்னொரு பகுதியினருக்கு வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுக்க வசதி செய்தார்கள். அவர்களுக்கு வேலைத் திறன், கவனம், மனநிலை எல்லாமே மேம்பட்டன. ஆய்வாளர்களே எதிர்பார்க்காத முடிவு இது. தூங்கிய நேரத்தில் வேலை செய்ய முடியாது என்பதால் மொத்த வேலை நேரம் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயம் முக்கியம், பின்னால் வருகிறேன்.

நம் ஊரில் பகல் தூக்கத்துக்கு நல்ல பெயர் கிடையாது. பகலில் படுத்தால் வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்று சொல்லாத பாட்டி உண்டா? சித்த மருத்துவமும் பகல் துயிலை வேண்டாம் என்றே சொல்லும். ஆயுர்வேதம் கோடைக்கு விலக்கு கொடுக்கிறது. சாப்பிட்டதும் படுத்து மூன்று மணி நேரம் குறட்டை விட்டு, சாயங்காலம் மந்தமாக எழுந்திருக்கும் தூக்கத்தைப் பற்றித்தான் அந்த எச்சரிக்கை என்றால், இன்றைய ஆய்வுகளும் அதற்குத் தலையாட்டும். இங்கே சொல்லப்போவது வேறு. நேரம் குறித்து, அலாரம் வைத்து, கோழித் தூக்கமாகப் போட்டுவிட்டு எழுந்திருப்பது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். தூங்கினால்தான் அது கழியும். இதோடு உடம்பின் உள்கடிகாரம் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை விழிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது. மதியச் சோர்வுக்குச் சோற்றை மட்டுமே குறை சொல்கிறோம். சாப்பிடாமல் இருந்தாலும் அந்தச் சோர்வு வரத்தான் செய்யும். முட்ட முட்டச் சாப்பிட்டால் இன்னும் கூடும், அவ்வளவுதான்.

மன அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரான்ஸில் 2015-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை இரவு இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். மறுநாள் அவர்கள் உடம்பில் நார்அட்ரினலின் அளவு இரண்டரை மடங்கு ஏறியிருந்தது. சண்டை வந்தால் இதயத்தைப் படபடக்க வைக்கும் அதே ஹார்மோன்தான். இன்னொரு முறை அதே மாதிரி இரவைக் கெடுத்து, மறுநாள் காலையும் மதியமும் அரை மணி நேரம் தூங்க வைத்தபோது அந்த ஏற்றம் காணப்படவில்லை. பதினொரு பேரை மட்டும் வைத்துச் செய்தது என்பதால் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஆனால், தூக்கம் கெட்ட மறுநாள் சில்லறை பாக்கிக்காகக் கண்டக்டரிடம் நாம் ஏன் அப்படி எரிந்து விழுகிறோம் என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

முதல் படி: உங்களுக்கு உரிய நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

“மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள்” என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து பத்து, பதினோரு மணிக்குப் படுப்பவருக்கு அது சரி. வடசென்னையில் பாதிப் பேருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எனவே கடிகாரத்தைப் பார்க்காமல், நீங்கள் எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். எழுந்து ஏழெட்டு மணி நேரம் கழித்து வரும் சோர்வுதான் உங்கள் நேரம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து இட்லிக் கடை போடுகிற அக்காவுக்கு அது பதினொன்று, பன்னிரண்டு மணி. கடையைக் கழுவி மூடிய உடனே படுக்கலாம். மீன் கூடையைச் சுமந்து தெருத்தெருவாகப் போய்விட்டு வருகிறவர்கள் நடுராத்திரியே எழுந்தவர்கள். வீடு திரும்பியதும் படுப்பதே அவர்களுக்குப் பொருத்தம். காத்திருந்து “மதியத் தூக்கம்” என்று பெயர் வாங்க வேண்டியதில்லை.

கடைசி எல்லை ஒன்று உண்டு. இரவு படுக்கும் நேரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் முன்பே இந்தத் தூக்கம் முடிந்திருக்க வேண்டும். பத்தரைக்குப் படுப்பவர் மூன்று மணிக்கு மேல் கண்ணை மூடினால், இரவு பன்னிரண்டு வரை மின்விசிறியை எண்ணிக்கொண்டிருப்பார். ஐந்து மணிக்கு “லேசாகச் சாய்கிறேன்” என்று சொல்கிறவர்களைச் சாயவிடாதீர்கள். ஒரு டீ கொடுத்து தேரடி வரை நடக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நீளம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள்.

தூக்கம் படிப்படியாக ஆழமாகும். முதல் சில நிமிடம் மேலோட்டம். யாராவது பேசினால் காதில் விழும். அப்புறம் கொஞ்சம் நிலைத்த தூக்கம். அரை மணி நேரத்தை நெருங்கும்போது ஆழ்ந்த தூக்கம் தொடங்கிவிடும். அங்கிருந்து எழுப்பினால் எங்கே இருக்கிறோம், காலையா மாலையா என்றே புரியாமல் தலை கனக்கும். அந்த மந்தம் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் வரை இருக்கும், சில சமயம் அதற்கும் மேலே. “மதியம் தூங்கினாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்கிறவர்களில் பெரும்பாலோர் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தூங்கி, இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்.

ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் நிலைமைக்கு ரொம்பவே பொருந்தும். முந்தைய இரவு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களை 5, 10, 20, 30 நிமிடம் எனத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தால் பெரிய பலன் இல்லை. பத்து நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே தெளிவாக இருந்தார்கள். இரண்டரை மணி நேரம் வரை அந்தத் தெளிவு தாக்குப்பிடித்தது. இருபது நிமிடத்தின் பலன் அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பது நிமிடம் தூங்கியவர்களுக்கு எழுந்ததும் மந்தம், அப்புறம் தெளிவு.

எனவே எழுந்த கையோடு வேலை இருந்தால் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். கொஞ்சம் ஆற அமர எழுந்திருக்கலாம் என்றால் இருபது. கண்ணை மூடியதும் தூக்கம் வந்துவிடாது, அதற்கு ஐந்து நிமிடம் சேர்த்து அலாரத்தை இருபத்தைந்துக்கு வையுங்கள். இரவு முழுக்கப் போய்விட்டது என்றால் மட்டும் ஒன்றரை மணி நேரம். ஒரு முழுத் தூக்கச் சுற்று ஏறக்குறைய அவ்வளவு நீளம். சுற்று முடியும்போது தூக்கம் மறுபடி மேலோட்டமாகிவிடும், எழுந்திருப்பது சுலபம். இடைப்பட்ட முக்கால் மணியும் ஒரு மணியும்தான் சிக்கல்.

மதியத் தூக்கம் இதயத்துக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு: கிரேக்க நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், வழக்கமாக மதியம் தூங்கியவர்களிடையே மாரடைப்பு போன்ற இதய நோய்ச் சாவுகள் குறைவாக இருந்தன. வேறு பல ஆய்வுகளில், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களிடையே சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் காணப்பட்டன. நோய் இருப்பதால் அதிகம் தூங்குகிறார்களா, அதிகம் தூங்குவதால் நோயா என்று இவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. இருபது நிமிடத்துக்கு எதிராக உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

மூன்றாம் படி: இடம்

வெளிநாட்டு வழிகாட்டிகள் “இருட்டான, குளிர்ந்த, அமைதியான அறை” என்று ஒரே வரியில் முடித்துவிடும். தண்டையார்பேட்டையில் மே மாதம், மதியம் இரண்டு மணிக்கு, ஷீட் போட்ட வீட்டில் அந்த அறையை எங்கே தேடுவது?

வெயிலில் ஷீட் காய்ந்து கீழே அனலாக இறங்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுழற்றும். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு ஓரளவு குறையும். கட்டிலை விடுங்கள், தரையில் கோரைப்பாய் போதும். சூடான காற்று மேலேயே தங்குவதால் தரைதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். படுப்பதற்கு முன் முகம், கழுத்து, முழங்கை வரை, கால் பாதம் எல்லாம் கழுவிவிட்டு, துடைக்காமல் மின்விசிறிக்குக் கீழே படுங்கள். ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். உடம்பு கொஞ்சம் குளிர்ந்தால்தான் தூக்கமும் வரும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை, கடற்காற்று. கோடையில் பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் திரும்பும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் குப்பங்களுக்கு முதலில் வந்து, பெரம்பூர், வியாசர்பாடிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் மூன்று மணி ஆனாலும் வராது. அன்றைக்கெல்லாம் ஊரே கடுகடுவென்று இருக்கும். காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்து, மேற்கு ஜன்னலைத் துணி போட்டு மறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஹவுசிங் போர்டு அடுக்குமாடியில் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருப்பவர்கள், கீழ்த்தளத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் மதியத்துக்கு அங்கே போய்விடுவது நல்லது. இல்லையென்றால் மாடிப்படித் திருப்பம். அங்கே எப்போதும் ஒரு ஆயா உட்கார்ந்திருப்பார், அவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கலாம்.

வெளியே வேலை செய்கிறவர்கள் இந்த விஷயத்தில் நம் எல்லோரையும் விடக் கைதேர்ந்தவர்கள். பாரிமுனைப் பக்கம் மதியம் போனால் மீன்பாடி வண்டியில் தூங்குகிறவர்களைப் பாருங்கள். பலகை மேல் கோணி விரித்து, தலை சீட்டுப் பக்கம், சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டு, துண்டு கண்மேல். துண்டு வெளிச்சத்தை மறைக்கிறது, ஈயும் உட்காராது, “இப்போது சுமை இல்லை” என்று கேட்க வருகிறவருக்குத் தகவலும் சொல்லிவிடுகிறது. ஆட்டோ ஸ்டாண்டில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ராயபுரத்தில் ஒரு பெரியவர் வண்டியை நிழலில் ஒதுக்குவார். வெயில் வருகிற பக்கத்து மழைத்திரையை இறக்குவார், சாவியை உள்சட்டைப் பைக்குள் போடுவார். பின் சீட்டில் குறுக்காகப் படுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்து வண்டிப் பையனிடம், “சவாரி வந்தா எழுப்பு தம்பி, வழி கேட்டு வந்தா எழுப்பாத” என்பார். அவ்வளவு கச்சிதம்.

மூன்று இடங்களில் மட்டும் வேண்டாம். நின்றிருக்கும் லாரிக்கு அடியில் நிழல் இருக்கிறது என்று படுக்காதீர்கள். டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு வண்டி எடுப்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூடிய காரிலோ வேனிலோ இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அப்புறம், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி விளிம்பு.

நான்காம் படி: படுப்பதற்கு முன்

அரை வயிறு, முக்கால் வயிறு சாப்பிட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படுங்கள். பிரியாணி நாளில் இதெல்லாம் நடக்காது, தெரியும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மல்லாந்து படுக்காமல், தலையை உயர்த்தி இடப்பக்கமாகச் சாய்ந்து கொள்ளலாம். அவர்களுக்கு நாற்காலித் தூக்கமே மேல்.

கொசுவர்த்தியை மூடிய சின்ன அறைக்குள் ஏற்ற வேண்டாம். மெல்லிய வேட்டியையோ பழைய புடவையையோ போர்த்திக்கொண்டு, மின்விசிறியை வேகமாக வைத்தாலே கொசு அண்டாது.

டீ குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு உபாயம்: டீயைக் குடித்துவிட்டுப் படுங்கள். தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காஃபின் வேலை செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் தூங்கி எழுந்துவிடுவீர்கள். எழுந்திருக்கும்போது டீயும் சேர்ந்து தட்டி எழுப்பும். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாகவே வேலை செய்தது. கன்டெய்னர் ஓட்டுகிறவர்கள், ராத்திரி கால் டாக்சி ஓட்டுகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். இரவில் தூங்கப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம். குடித்த காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் ஆனாலும் உடம்பில்தான் இருக்கும்.

போன். அலாரம் வைத்த கையோடு அதைக் குப்புறப் போட்டு, கை எட்டாத தூரத்தில் வையுங்கள். ஒரே ஒரு ரீல்ஸ் என்று தொடங்கினால் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். மேலே சொன்ன சென்னை ஆய்வில் வேலை நேரம் குறைந்தது என்று பார்த்தோம் அல்லவா? பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவருக்கு அது உண்மையான நஷ்டம். அதனால் தூங்கும் நேரத்தை வேலையில் வெட்டாதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் போனுக்குக் கொடுக்கிற நேரத்தில் வெட்டுங்கள்.

ஐந்தாம் படி: தூக்கம் வராவிட்டால்

முதல் சில நாள் வராது. கண்ணை மூடியதும் வட்டிக்காரர் முகம், பிள்ளையின் ஃபீஸ், மேஸ்திரி சொன்ன சொல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தூங்கியே ஆக வேண்டும் என்று முயன்றால் நிச்சயம் வராது. அதற்குப் பதில், மூச்சை மூக்கால் மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே நாலு எண்ணினால் வெளியே ஆறு. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். கூடவே தாடையை, தோளை, உள்ளங்கையை ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியும்.

தூங்கவே இல்லை, சும்மா கண்ணை மூடிக் கிடந்தேன் என்றாலும் நஷ்டமில்லை. மனது ஆறும், காலும் ஆறும். தினமும் அதே நேரம் அதே இடம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பே பழகிவிடும்.

ஆறாம் படி: எழுந்திருப்பது

அலாரம் அடித்ததும் உட்காருங்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பது குழிக்குப் போகும் வழி. உட்கார்ந்து அரை நிமிடம் கழித்து எழுந்து நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, வெளிச்சத்துக்கு வாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், மெஷினில் கை வைக்கிறவர்கள், அடுப்பில் கொதிக்கும் எண்ணெய் வைப்பவர்கள் பத்து நிமிடமாவது கழித்துத்தான் வேலையைத் தொட வேண்டும். ஒன்றரை மணி நேரம் தூங்கியவர்கள் அரை மணி.

கடையிலும் ஆபீசிலும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் காலையில் ஏறி நின்றால் இரவு கடை சாத்தும் வரை நிற்க வேண்டும் என்பதுதான் வெகுகாலம் நிலைமை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. அந்த நாற்காலியே போதும். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம், சுவரில் முதுகு சாய்த்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் தலை தொங்காது. மேசை இருந்தால் இரண்டு கையையும் மடித்து, அதன்மேல் நெற்றியை வைக்காமல் கன்னத்தை வையுங்கள், மூச்சு தடைபடாது. கை மரத்துப்போவதும் ஒரு அலாரம்தான்.

முதலாளியிடம் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வாதம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நீண்ட தூரம் பறக்கும் விமானிகளை விமானத்திலேயே முறை வைத்து நாற்பது நிமிடம் ஓய்வெடுக்க விட்டுப் பார்த்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்காதவர்களைவிடப் பயணத்தின் கடைசிப் பகுதியில் விழிப்பாக இருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேரைச் சுமந்து பறப்பவருக்கே அது ஆகும் என்றால், பில் போடுகிறவருக்கு ஆகாதா என்று கேளுங்கள். முதலாளியே மதியம் கல்லாவில் சாய்ந்து தூங்குகிற ஆளாக இருந்தால் வாதமே தேவையில்லை.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தூங்குகிறவர்கள் பை வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, அலாரத்தை இறங்கும் இடத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்பே வையுங்கள். திருவொற்றியூரில் இறங்க வேண்டியவர் எண்ணூரில் கண் விழிப்பது நடக்கக்கூடியதுதான்.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு

மணலி, எண்ணூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் இரவு வேலைக்குப் போகிறவர்கள் மேலே சொன்ன நேரக் கணக்கை அப்படியே மறந்துவிடலாம். அவர்களுக்கு வேலைக்குக் கிளம்பும் முன், மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்குவது பெரிய பாதுகாப்பு. விடிகாலை மூன்று, நாலு மணிக்கு உடம்பு ரொம்பவும் துவளும். முன்கூட்டியே தூங்கியவர் அதைத் தாண்டிவிடுவார். ஷிஃப்ட் நடுவில் அனுமதி இருந்தால் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். காலையில் பைக்கில் வீடு திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். கண் இழுத்தால் ஓரம் கட்டி, வண்டியை நிறுத்தி, ஒரு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம் தூங்கிவிட்டுப் போங்கள். காரிலோ வேனிலோ போகிறவர்களுக்கும் இதுதான்: ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எதுவும் தூக்கத்தை நிறுத்தாது.

யாருக்கு வேண்டாம், யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்

இரவில் தூக்கமே வருவதில்லை என்பவர்கள் பகல் தூக்கத்தை நிறுத்துவதே முதல் மருந்து. ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, இரவு தூக்கம் இல்லை என்று மாத்திரை கேட்பார்கள். மதியத்தை அரை மணிக்குக் குறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.

இரவு போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது, பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி என்றால் அது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தீராத அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றும் அடிக்கடி காரணமாக இருக்கும். பெண்களிடம் ரத்தசோகை ரொம்பவே சகஜம். அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாலே தெரிந்துவிடும். எதிலும் மனம் ஒட்டாமல், எழுந்திருக்கவே பிடிக்காமல் நாள் முழுக்கப் படுத்திருப்பது ஓய்வுக் கணக்கில் வராது. அது மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் பேச வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு

இந்தத் தூக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் கிடைப்பதில்லை. காலை நாலரைக்கு எழுந்து எல்லோருக்கும் டப்பா கட்டி அனுப்பிவிட்டு, பாத்திரம், துணி, மாவு என்று முடிக்கும்போது ஒன்றரை ஆகியிருக்கும். மூன்றரைக்குப் பிள்ளைகள் வந்துவிடும். நடுவில் இருக்கும் நேரத்தைச் சும்மா இருக்கிற நேரம் என்று வீடே நினைத்துக்கொள்ளும். மாமியாரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: “அத்தை, இருபது நிமிஷம் படுக்கிறேன், அலாரம் வச்சிருக்கேன்.” அலாரம் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, தூங்குகிறாள் என்ற பேச்சு எழாது. கைக்குழந்தை இருந்தால் குழந்தை தூங்கும்போதே நீங்களும் படுங்கள், பாத்திரம் எங்கேயும் ஓடிவிடாது. அந்த நேரத்தில் யாராவது வந்தால் யார் எழுந்து கதவைத் திறப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், சிலிண்டர்காரர் எப்போதும் அந்த இருபது நிமிடத்தில்தான் வருவார்.